சத்து டப்பா வாங்குமுன் பால் டம்ளரை எண்ணுங்கள்

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. எடை 13.4 கிலோ. ஹீமோகுளோபின் 9.6 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சோற்றைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள். பாலில் சத்துப் பவுடர் கலந்து கொடுத்தால் மட்டும் ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பாள். டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து சிரப்பைக் குடித்தால் மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிட்டேன். அதை தோசை மாவில் கலந்து கொடுக்கலாமா? பள்ளி முகாமில் மெஷினில் பார்த்துவிட்டு, கால்சியமும் புரதமும் குறைவு, 2,400 ரூபாய் டப்பா வாங்குங்கள் என்கிறார்கள். ரேஷன் அரிசியில் வேறு பிளாஸ்டிக் மாதிரி ஏதோ கலந்து வருகிறது. என்னதான் கொடுப்பது?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: சிரப்பை மாவில் கலக்காதீர்கள். மாவு முழுக்க ஒரே சீராகக் கலக்காது. ஒரு தோசையில் அதிகம் போகும், இன்னொன்றில் இருக்கவே இருக்காது. அதே மாவில் சுட்டதை வீட்டில் எல்லோரும் சாப்பிடுவீர்கள். பாப்பாவுக்கு எவ்வளவு மருந்து போனது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மலம் கறுப்பாகப் போவது சிரப் குடிக்கும் பல குழந்தைகளுக்கும் நடப்பதுதான். குடலில் உறிஞ்சப்படாத மீதி இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவே. மருந்து எழுதிக் கொடுத்தபோதே இதை ஒரு வரி சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். என்னிடம் வரும் தாய்மார்களில் பாதிப்பேர் சிரப்பை நிறுத்திய காரணம் இதுதான். அந்த ஒரு வரியைச் சொல்ல நம் மருத்துவமனைகளில் யாருக்கும் நேரமில்லை.

இந்த வயதில் ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருக்க வேண்டும். 9.6-ஐ உணவால் மட்டும் ஏற்ற முடியாது. நாலு வயதுக் குழந்தையின் அன்றாட இரும்புத் தேவை சுமார் 11 மில்லிகிராம். அது குறையில்லாத குழந்தைக்கான கணக்கு. குறையைச் சரிசெய்யக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் உங்கள் மகளுக்குச் சுமார் 40 மில்லிகிராம் வேண்டும். எத்தனை கீரை சமைத்தாலும் அது வராது. ஆகவே சிரப்பைத் திரும்பத் தொடங்குங்கள்; டாக்டர் எழுதிய அளவு, எழுதிய நாள் வரை. பாலோடு கொடுக்காதீர்கள். கொடுத்ததும் வாயைக் கொப்பளிக்கச் செய்தால் பல்லில் கறை பிடிக்காது. ஆறு மாதமாகக் குடற்புழு மாத்திரை கொடுக்கவில்லை என்றால் அதையும் கேட்டு வாங்குங்கள், அங்கன்வாடியில் இலவசம்.

எடையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நாலு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 16 கிலோ, 12.3-க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்கிறோம். உங்கள் மகள் ஒல்லி, ஆனால் கோட்டுக்குள்தான் இருக்கிறாள்.

இப்போது அந்த நாலு டம்ளர் பால். எனக்கு முதலில் உறுத்துவது அதுதான். டம்ளருக்கு 200 மில்லி என்றால் 800 மில்லி. அதிலேயே 500 கலோரி போய்விடுகிறது. பவுடரையும் சர்க்கரையையும் சேர்த்தால் இன்னும் 200, 300. இந்த வயதுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவை 1,360 கலோரிதான். பாதிக்கு மேல் டம்ளரிலேயே முடிந்துவிட்ட குழந்தைக்குச் சோறு எப்படி இறங்கும்? பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். போதாததற்கு, சோற்றில் இருக்கும் கொஞ்சம் இரும்பையும் கூடவே குடிக்கும் பால் உடலில் சேரவிடாது. பசியில்லை, சாப்பிடுவதில்லை என்று நீங்கள் கவலைப்படுவதும், ரத்தம் குறைந்திருப்பதும் ஒரே டம்ளரிலிருந்து வருகின்றன. இரண்டு டம்ளர் போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். முதல் வாரம் அழுவாள். பிஸ்கட்டைக் கொடுத்துச் சமாதானம் செய்யாதீர்கள்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் நாற்பது சத்துகளின் அளவைக் கம்ப்யூட்டரில் காட்டும் மெஷின்தானே உங்கள் பள்ளிக்கு வந்தது? இப்படிப்பட்ட ஒரு முகாமுக்கு நானும் போயிருக்கிறேன். கம்பியைப் பிடித்தேன், கால்சியம் குறைவு என்றது. பத்து நிமிடம் கழித்து வேறு பெயரில் மறுபடி பிடித்தேன், கால்சியம் போதுமானது என்றது. ரத்தம் எடுக்காமல் உடலின் இரும்பையும் கால்சியத்தையும் சொல்லும் கம்பி எதுவும் கிடையாது. அந்த ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் விற்கும் டப்பாவின் பெயர் இருக்கும், பாருங்கள். விற்பவர் பெரும்பாலும் உங்கள் தெருக்காரராகவோ பிள்ளையின் மிஸ்ஸாகவோ இருப்பார். அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். உங்கள் 2,400 ரூபாய் அத்தனை கை மாறிப் போகும். பள்ளி நிர்வாகம் இதற்கு இடம் கொடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடையில் வாங்கும் பவுடருக்கும் பிஸ்கட்டுக்கும் ஒரே சோதனை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ மால்ட்டோ மைதாவோ இருந்தால், முன்பக்கம் இரும்பு என்றும், மூளைக்கு நல்லது என்று விளம்பரம் செய்யும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு என்றும் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அது இனிப்புப் பண்டம்தான். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. 2024 ஏப்ரலில்தான் ஒன்றிய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளிடம் அந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்காதீர்கள் என்று சொன்னது. இத்தனை வருடம் நம் பிள்ளைகள் குடித்து வளர்ந்த பிறகு! பேரீச்சம்பழ சிரப்பும் இப்படித்தான், பெரும்பகுதி சர்க்கரை. மாதுளைச் சிவப்பைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். பழம் நல்லதுதான், ஆனால் அதில் இரும்பு மிகக் குறைவு.

ரேஷன் அரிசியில் கலந்திருப்பது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்தில் பிழிந்து எடுத்தது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருக்கிறார்கள். கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், களையும்போது சிலது மிதக்கும். நாலு மணியை எடுத்து இரவு ஊற வைத்துக் காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாகப் போகும். ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. பாப்பா நாளுக்கு நூறு கிராம் அரிசி சாப்பிட்டால் மூன்று, நாலு மில்லிகிராம் இதிலேயே வந்துவிடும். பொறுக்கி எறியாதீர்கள், பலமுறை களையாதீர்கள், கஞ்சியை வடித்துக் கொட்டாமல் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். இட்லிக்கு அரைத்தாலும் சத்து மாவில்தான் இருக்கும். கடை கடையாக இந்த அரிசியை அனுப்பியவர்கள், கூடவே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தால் ஊர் ஊராகப் பிளாஸ்டிக் அரிசி வதந்தி பரவியிருக்காது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரத்தக் குறைவு எல்லாமே இரும்புக் குறைவு இல்லை. தாலசீமியா என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அதைத் தாலசீமியா கூறு என்பார்கள்; குழந்தை நன்றாகவே இருக்கும். ஹீமோகுளோபின் மட்டும் பத்து, பதினொன்றில் நிற்கும். வருடக் கணக்கில் சிரப் கொடுத்தும் ஏறாது. டாக்டர் மாறும், சிரப் மாறும், யாரும் காரணம் பார்க்க மாட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலேயே ஒரு தடயம் இருக்கிறது. எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) என்று ஓர் எண், சிவப்பணு எண்ணிக்கை என்று இன்னோர் எண். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். உதாரணமாக 60-ஐ 5.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11. விடை 13-க்குக் கீழே வந்தால் தாலசீமியா கூறு இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். மேலே வந்தால் இரும்புக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது முடிவு இல்லை, சந்தேகம்தான். உறுதிசெய்ய, உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்று இரண்டு ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் கட்டாயம் கேளுங்கள். அப்படிக் கூறு இருந்தாலும் ரேஷன் அரிசியைச் சாப்பிடத் தடையில்லை. கடுமையான தாலசீமியா உள்ள, குறிப்பாக மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்குத்தான் இரும்பு சேர்ந்து ஆபத்து. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இரும்பு சேர்த்த எதையும் தொடக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டில் எல்லோரும் அரிசியை மாற்ற வேண்டியதில்லை.

சரி, அடுப்படிக்கு வருவோம். புதிதாக எதையும் தின்னப் பழக்குவதைவிட, அவள் ஏற்கெனவே தின்பதைக் கனமாக்குவது சுலபம். பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை இரண்டும் ஒவ்வொரு கிண்ணம், எள் கால் கிண்ணம். மூன்றையும் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி தோசை மாவுக்கு இரண்டு டீஸ்பூன் பொடி, மேலே ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். அதே அளவு தோசையில் 90 கலோரி வரை கூடிவிடும், அவளுக்கு வித்தியாசமே தெரியாது. முட்டை உடைத்து ஊற்றினால் 6 கிராம் புரதம். முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு சங்கடம் உண்டு. கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்காது. நீர்க்கக் காய்ச்சினால் வயிறு தண்ணீரால் நிறையும். இதற்கு வழி முளைகட்டிய கேழ்வரகு மாவு. முளைவிட்டதும் நிழலில் காயவைத்து, லேசாக வாட்டி அரைத்துக்கொள்ளுங்கள்; கருக வறுத்தால் பயன் போய்விடும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கிக் கொதி அடங்கியதும் இந்த மாவில் ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். கரண்டியில் ஒட்டி நின்ற கஞ்சி சில நிமிடத்தில் கண்ணெதிரே இளகி ஒழுகும். மறுபடி ஒரு கொதி விட்டு வெல்லம் போட்டுக் கொடுங்கள். அதே கிண்ணத்தில் இரண்டு மடங்கு மாவு இறங்கிவிடும்.

அசைவம் உண்டென்றால் வாரம் ஒரு முறை ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (ஆட்டு மண்ணீரல்) நன்றாக வேகவைத்து இரண்டு துண்டு போதும். ரத்தம் ஊறச் சுவரொட்டி கொடுக்கச் சொன்ன பாட்டிமார் சரியாகத்தான் சொன்னார்கள். கீரை சாதத்தில் கால் மூடி எலுமிச்சை பிழியுங்கள், அல்லது கூடவே ஒரு துண்டு நெல்லிக்காய். இரும்பு உடலில் சேர அந்தப் புளிப்பு உதவும். சாயங்காலம் டீயில் வர்க்கி தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டீ அதற்கு நேர் எதிரி. அந்த நேரத்துக்குக் கடலை உருண்டையைப் பொடித்துக் கொடுக்கலாம்.

ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபின் மட்டும் மறுபடி எடுங்கள். சிரப் ஒழுங்காகப் போயிருந்தால் ஒரு புள்ளியாவது ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் சிரப்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள். நான் சொன்ன இரண்டு பரிசோதனைகளையும் கேளுங்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் மீதி சிரப் இருக்கும் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.