ஒரு சின்னப் புறநகர் கிராமத்தின் வரலாறும் மக்கள்தொகையும் எங்கே கிடைக்கும்?

கேள்வி: சென்னைப் புறநகரில் ஒரு சின்னக் கிராமம். அதன் வரலாறும் மக்கள்தொகையும் வேண்டும். இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எதை நம்புவது?

முதலில் ‘கிராமம்’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குழப்பம் தொடங்குவதே அங்கேதான். வருவாய்த் துறைக்குக் கிராமம் என்றால் புல எண்களும் எல்லைக் கற்களும் உள்ள ஒரு நிலப்பரப்பு. ஊராட்சிக்கோ சில இடங்களில் இரண்டு மூன்று வருவாய் கிராமங்களும் அவற்றின் குக்கிராமங்களும் சேர்ந்தது ஒரே கிராமம். ஊர்க்காரர்களைக் கேட்டால் கோயில், ஏரி, தெருக்கள் இருக்கும் இடம்தான் ஊர். பின்னால் வந்த நகர்களைச் சேர்க்க மாட்டார்கள். மூன்றுக்கும் மூன்று எண் வரும். மூன்றும் சரியாகவே இருக்கலாம்.

மக்கள்தொகைக்கு நான் முதலில் எடுப்பது 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. கடைசியாக முழுமையாக எடுத்த கணக்கு அதுதான். 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப்போய்விட்டது. அந்தக் கையேட்டில் வருவாய் கிராமம் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. பெயரை வைத்துத் தேடாமல் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். சேலையூர் பக்கம் ஒரு மாடம்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் இன்னொரு மாடம்பாக்கம். புதுப்பாக்கங்கள் எத்தனையோ. ஒன்றின் எண்ணை மற்றதன் பெயரில் போட்டுவைத்த பக்கங்கள் நிறைய.

உங்கள் ஊர் கிராமப் பட்டியலில் இல்லையென்றால் பதற வேண்டாம், நகரப் பட்டியலைப் பாருங்கள். 5,000 பேருக்கு மேல் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வசித்து, வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருந்தால், ஊராட்சியாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் அது ‘நகரம்’ ஆகிவிடும். சென்னையைச் சுற்றி இப்படிப் பல ஊர்கள்.

அப்புறம் எல்லைகள். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. 2011இல் 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அவற்றில் 25 கிராம ஊராட்சிகள். 2021இல் தாம்பரம் மாநகராட்சி வந்தது. ஆகவே பத்தாண்டுக்கொரு முறை எடுத்த எண்களை வரிசையாக வைத்து ‘ஊர் இத்தனை மடங்கு வளர்ந்தது’ என்று சொல்வதற்கு முன், பரப்பளவும் அதேதானா என்று பாருங்கள். பரப்பளவு கிராம எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கும், யாரும் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் மொத்த மக்கள்தொகையைவிட அதற்குப் பின்னால் வரும் கட்டங்கள்தான் ஊரின் கதையைச் சொல்கின்றன. சொந்த நிலத்தில் பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், ‘பிற தொழிலாளர்’ என்று நான்கு எண்கள். 1991, 2001, 2011 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1991இல் மட்டும் பிரிவுகள் அதிகம்; முதல் மூன்றும் போக மீதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் ‘பிற தொழிலாளர்’. முதல் இரண்டு சுருங்கி நான்காவது வீங்கும் பத்தாண்டு எதுவோ, அப்போதுதான் உங்கள் ஊர் புறநகராகியிருக்கிறது. 2011க்குப் பிறகு பெரிய மாற்றம் கண்ட ஊர் என்றால் அந்த எண்ணை இன்றைய நிலை என்று எழுதாதீர்கள். நகருக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பெரும்பாக்கத்துக்குப் பழைய எண் எப்படிப் பொருந்தும்?

வரலாறு என்றதும் ‘நம்ம ஊர் சின்ன ஊர், என்ன இருக்கப்போகிறது’ என்பார்கள். எனக்கு இதில்தான் ஆதங்கம். தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலத்தைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்று அது. பல்லவர் காலத்துக் கூரம் செப்பேடு பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று ஊர்ப் பெயர்களையே சொல்கிறது. அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள். சோழன் வீரராசேந்திரன் சாளுக்கியரோடு நடத்திய கூடல்சங்கமப் போரைச் சொல்லும் நீண்ட மெய்க்கீர்த்தி (அரசனின் வெற்றிகளைப் புகழும் பகுதி) ஒன்றும் அவற்றில் உண்டு. ஊர் எங்கே இருக்கிறது என்பதையும் கல்லே சொல்கிறது: செங்காட்டுக் கோட்டத்து மாகணூர் நாட்டு மணிமங்கலம் (கோட்டமும் நாடும் அக்கால நிலப் பிரிவுகள்). அதையொட்டி சதுர்வேதிமங்கலம் (பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்) என்று முடியும் ஒரு பெயரும் வரும். அரசர் மாறும்போது அது மாறியது, மணிமங்கலம் மாறவில்லை. உங்கள் ஊர்க் கோயிலிலும் அதிட்டானத்தில் (அடித்தளக் கல் வரிசையில்), சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில், எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் அது வெளிவந்திருக்கிறதா என்று தேடுங்கள். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்து எழுத்தை அழிக்கும் முன் படம் எடுத்து வையுங்கள்.

செங்கல்பட்டு வட்டாரத்துக்கென்றே இன்னொரு புதையல் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை இந்தப் பகுதியின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தார். வீடுகள் எத்தனை, யார் யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, நன்செய் எவ்வளவு, விளைச்சலில் தச்சருக்கும் வண்ணாருக்கும் கோயிலுக்கும் போகும் பங்கு எவ்வளவு என்று ஊர் ஊராகக் கணக்கு. முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு (சென்னை மாகாணத்தில் 1871) நூறு வருடம் முந்தையது. ஊர்க் கணக்கர்கள் எழுதிய மூல ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. வடக்குப்பட்டு என்ற ஊரின் கணக்கு அச்சிலேயே வந்துவிட்டது. அந்த வரிசையில் உங்கள் ஊரும் இருந்தால், கற்பனை கலக்காமல் 250 வருட வரலாறு எழுதலாம்.

அடுத்து வருவாய் ஆவணங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (புல எண் வாரியான நிலப் பதிவேடு) கிராம வரைபடத்தையும் பார்க்கக் கேளுங்கள். ஏரி, கால்வாய், களம், மேய்ச்சல், சுடுகாடு எல்லாவற்றுக்கும் புல எண் இருக்கும். இன்று அடுக்குமாடி நிற்கும் இடம் அதில் ‘நீர்பிடிப்பு’ என்று கிடக்கலாம். வாய்மொழி வரலாற்றுக்கு, பழைய கர்ணம் (ஊர்க் கணக்கர்), மணியக்காரர் (ஊர்த் தலைவர்) குடும்பங்களில் மூத்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980இல் ஒழிக்கப்பட்டது. அதை நேரில் கண்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், தள்ளிப்போடாதீர்கள். சேரியிலும் காலனியிலும் தனியாகப் போய்க் கேளுங்கள். ஏரிக் கரை எப்போது உடைந்தது, மடையை யார் திறந்தார்கள் என்பதெல்லாம் கோயில் தெருவைவிட அங்கே தெளிவாக வரும்.

எழுதும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டு, குறியீடு, அப்போதைய வட்டம் மூன்றையும் போட்டுவிடுங்கள். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி வைத்திருக்கிறார்கள். அது வெளிவந்ததும் ஒப்பிட உங்களுக்கே இந்த மூன்றும் தேவைப்படும்.