பக்கத்து வீட்டு எக்ஸ்டென்ஷன்: கவுன்சில் கடிதம் வராவிட்டால்?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் கட்ட பிளானிங் அனுமதி வாங்கிவிட்டார். எங்களுக்குக் கடிதமே வரவில்லை. அனுமதி செல்லாதுதானே?
(வாசகி, ஹாரோ, லண்டன்)

பதில்: கடிதம் வரவில்லை என்பது மட்டும் போதாது. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு விதிப்படி, சாதாரண வீட்டு விண்ணப்பத்துக்குக் கவுன்சில் இரண்டில் ஒன்றைச் செய்தால் போதும். ஒன்று, எல்லையை ஒட்டிய வீடுகளுக்கு எழுத வேண்டும்; அல்லது கட்டப்போகும் இடத்திலோ அருகிலோ 21 நாள் நோட்டீஸ் வைக்க வேண்டும். விளக்குக் கம்பத்தில் கட்டிய தாளை நீங்கள் பார்க்கவில்லை என்றாலும் விதி நிறைவேறிவிட்டது. பெரும்பாலும் கடிதத்தின் மேல் பெயர் இருக்காது, ‘குடியிருப்பவருக்கு’ என்று மட்டும் இருக்கும். பீட்சா விளம்பரங்களோடு குப்பைக்குப் போய்விடும். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் அது வாடகைக்காரர் கையில்தான் சேரும்.

கவுன்சில் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தைத் தேடி, அதிகாரியின் அறிக்கையைப் படியுங்கள். யார் யாருக்கு எழுதினார்கள், நோட்டீஸ் எப்போது வைத்தார்கள் என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். இரண்டுமே நடக்கவில்லை என்றால் முதலில் கவுன்சிலிடம் முறையிட்டு, பிறகு ஆம்புட்ஸ்மனிடம் (கவுன்சில் மீதான புகார்களை விசாரிப்பவர்) போகலாம். ஆனால் அவரால் அனுமதியை ரத்து செய்ய முடியாது. நீதிமன்றத்தால் முடியும், முடிவு வந்த நாளிலிருந்து 6 வாரத்துக்குள் வழக்குப் போட வேண்டும், செலவும் அதிகம். அனுமதி கொடுத்ததை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமை அயலவருக்கு இல்லை. அதனால்தான் ஆட்சேபம் எழுதக் கிடைக்கும் அந்த 21 நாள் இவ்வளவு முக்கியம்.

கேள்வி: ஆட்சேபத்தில் என்ன எழுதினால் எடுபடும்?
(வாசகர், ஈஸ்ட்ஹாம்)

பதில்: வெளிச்சம் மறைவது, உங்கள் அறைக்குள் பார்வை விழுவது, பார்க்கிங் நெருக்கடி ஆகியவை எடுபடும். வீட்டு விலை குறையும், காட்சி மறையும், வேலித் தகராறு இருக்கிறது என்பவை எடுபடாது. ‘இருட்டாகும்’ என்று மட்டும் எழுதாமல், எந்த அறையின் ஜன்னல், சுவர் எத்தனை மீட்டர் தள்ளி, எவ்வளவு உயரம் என்று வரைபடத்தைப் பார்த்துக் குறிப்பிடுங்கள். உங்கள் கடிதத்தை யாரும் படிக்கலாம். தொலைபேசி எண்ணும் வசவும் வேண்டாம். கெடு கடந்திருந்தாலும், முடிவு வெளியாகாதவரை உடனே அனுப்பிப் பாருங்கள்.

கேள்வி: ‘6 மீட்டர் வரை அனுமதியே வேண்டாம்’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
(வாசகர், டூட்டிங்)

பதில்: பாதி உண்மை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடுகளில் தரைத்தளம் மட்டுமான பின்பக்க எக்ஸ்டென்ஷன் 3 மீட்டரைத் தாண்டி 6 மீட்டர் வரை போக (தனி வீட்டில் 4இலிருந்து 8) முழு அனுமதி தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் கவுன்சிலுக்கு முன்கூட்டியே தெரிவித்தாக வேண்டும். கவுன்சில் எல்லையை ஒட்டிய வீடுகளுக்கு எழுதி, குறைந்தது 21 நாள் தரும். அந்த வீட்டாரில் ஒருவராவது ஆட்சேபித்தால்தான் அயலவருக்கு வரும் பாதிப்பை அது ஆராயும்! எதிர்வீட்டார் எத்தனை பேர் எழுதினாலும் அந்தக் கணக்கில் வராது. எனவே இந்தக் கடிதத்தை ஒருபோதும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

இரு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கான (பார்ட்டி வால்) நோட்டீஸ் வேறு. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தர வேண்டியவர் கட்டுபவரே, கவுன்சில் அல்ல. பிளானிங் அனுமதி கிடைத்தாலும் அந்தக் கடமை நீங்காது.