புதிய தொழில்நுட்பம் நன்மையா ஆபத்தா என்பதை யார், எப்படித் தீர்மானிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு, ட்ரோன், நானோ என்று வந்துகொண்டேயிருக்கும் புதியவற்றை ஏற்பதா தள்ளுவதா என்பது ஒன்று. அதை விஞ்ஞானிகளும் அரசாங்கமும் முடிவு செய்தால் போதுமா, சனங்களுக்கும் அதில் ஒரு சொல் இருக்க வேண்டுமா என்பது மற்றது. நான் இரண்டாவதைத்தான் முதலில் பிடிக்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் வந்த கெடுதிகளைத் திரும்பிப் பார்த்தால், பொருள் கெட்டதாக இருந்ததைவிட அது எங்கள் தலையில் வந்து விழுந்த விதம் கெட்டதாக இருந்ததுதான் அதிகம்.

நான் இலங்கையின் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்கிறவன். மழை குறைந்த சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. அதனால் போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். அரச அதிபர் இருப்பார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பார், விவசாயத் திணைக்களம், கமநல சேவை, ஒவ்வொரு வாய்க்காலின் கமக்காரர் அமைப்பும் இருக்கும். 36 அடிக் குளத்தில் இப்போது எத்தனை அடி நிற்கிறது, அதில் எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று பொறியியலாளர் சொல்லுவார். அப்புறம் சண்டைதான். கடைவாய்க்கால்காரர் எழும்பி "போன முறையும் எங்களுக்குத்தானே தண்ணி வரேல்லை" என்பார், தலைவாய்க்கால்காரர் தன் கணக்கைச் சொல்லுவார், சத்தம் கூடும், கடைசியில் பங்கு பிரியும். அந்த முடிவு அந்த ஒரு போகத்துக்குத்தான். அடுத்த வருடம் குளத்தைப் பார்த்து மறுபடியும் பேச வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் குறை இருக்கிறது, செல்வாக்குள்ளவர் பேச்சு எடுபடுவது எனக்கும் தெரியும். ஆனாலும் தண்ணீரின் அளவு எல்லோருக்கும் முன்னால் சொல்லப்படுகிறது, நட்டப்படப்போகிறவர் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார், முடிவு பிழைத்தால் திருத்த அடுத்த போகம் இருக்கிறது. புதிய தொழில்நுட்பம் எதையும் நான் இந்த மூன்றையும் வைத்துத்தான் பார்க்கிறேன். 2021இல் இந்த மூன்றும் இல்லாமல் போனது.

அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. இரசாயனம் சேராத சேதனப் பசளை நல்லதா என்பது வேறு விடயம், அதில் எனக்கு மரியாதை உண்டு, என் வயலிலும் பசுந்தாள் மிதிக்கிறோம். ஆனால் முழு நாட்டையும் ஒரே காலபோகத்தில், அதாவது ஒரே மழைக்காலப் போகத்தில், மாற்றலாம் என்று யார் எந்தக் கூட்டத்தில் கணக்குக் காட்டினார்கள்? எங்கள் பக்கம் யாரும் காட்டவில்லை. அந்தப் போகம் தொடங்கும் நேரம், ஒக்டோபரில், இந்தியாவிலிருந்து நானோ நைதரசன் திரவம், அதாவது மிக நுண்ணிய துகளாக்கிய நைதரசன் பசளை, வந்து இறங்கியது. போத்தலில் வரும் புதிய விஞ்ஞானம், இலையில் அடித்தால் போதும் என்றார்கள். நவம்பர் கடைசியில் தடையையே எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் பயிரின் வயது போய்விட்டது. அந்தப் போகம் நாடு முழுக்க நெல் விழுந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது.

இந்த நானோ விடயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதைச் சரிபார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. இந்தியாவில் அந்த 500 மில்லிலீற்றர் போத்தல் 45 கிலோ யூரியாப் பையொன்றுக்கு ஈடு என்று விற்றார்கள். போத்தலில் நைதரசன் 4 வீதம், அதாவது 20 கிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம், 45 கிலோவில் ஏறத்தாழ 21 கிலோ. இருபது கிராம் எங்கே, இருபத்தொரு கிலோ எங்கே! ஆயிரம் மடங்கு வித்தியாசம். மண்ணில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் ஆவியாகியும் கழுவுண்டும் போகிறது என்பது உண்மைதான், ஆனால் அதைக் கழித்தாலும் கணக்கு ஒட்டாது. ஒரு தொன் நெல் விளைய பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசன் எடுக்கும், அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், துகளைச் சின்னதாக்கினால் நைதரசன் கூடிவிடாது. 2023இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் இதே சந்தேகத்தை ஆய்விதழொன்றில் எழுதினார்கள். ஆனால் உயர்தர வகுப்பில் (ஏ.எல்.) விஞ்ஞானம் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளையொன்று முதல் நாளே பேனை பிடித்துக் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. கேட்க ஒரு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை வைத்து நானோ என்றாலே ஏமாற்று என்று சொல்லுகிறவர்களோடும் நான் உடன்படமாட்டேன். எங்கள் நாட்டிலேயே, இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள் யூரியாவை ஹைட்ரொக்சிஅப்பரைற் என்ற கல்சியம் பொசுபேற்றுத் துகள்களோடு பிணைத்து, நைதரசன் மெதுமெதுவாகக் கசியும்படி செய்து 2017இல் வெளியிட்டார்கள். வழக்கமான யூரியாவில் பாதியளவோடு வயல் பரிசோதனையில் நல்ல விளைச்சல் கிடைத்ததாக அந்தக் கட்டுரை சொல்கிறது. அங்கே கணக்கு இடிக்கவில்லை: வீணாகிற பாதியைத் தடுக்கிறோம் என்கிறார்கள், இல்லாத நைதரசனை உண்டாக்குகிறோம் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் பெயர் நானோதான். அதனால்தான் "நானோ வேண்டுமா வேண்டாமா" என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. இந்தப் போத்தலில் என்ன இருக்கிறது, யார் வயலில் போட்டுப் பார்த்தார்கள், என்ன விளைந்தது என்றுதான் நான் கேட்பேன்.

சரி, தடை செய்வதே பிழையா என்றால் அதுவும் இல்லை. இதே நாட்டில் தடையால் நடந்த மிகப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி எங்கள் ஆட்களே அதிகம் பேசுவதில்லை. 1990களின் நடுப்பகுதியில் தற்கொலையால் இறப்போர் வீதம் உலகிலேயே மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று, ஒரு இலட்சம் பேருக்கு 40க்கும் மேல். அதில் பெரும்பங்கு பீடைநாசினியால், அதாவது பயிருக்கு அடிக்கும் நஞ்சு மருந்தால். வன்னியில் இதை அறியாத கிராமம் இல்லை. 1980இல் வந்த சட்டத்தின் கீழ் பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகம் மிக நச்சானவற்றை ஒவ்வொன்றாக எடுத்தது: 1995இல் ஒரு தொகுதி, 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோயேற், ஃபென்தியோன், பரகுவாற். பரகுவாற்றை எடுக்கும்போது முதலில் அதன் செறிவை 6.5 வீதத்துக்கு இறக்கிவிட்டு, பிறகுதான் முழுதாக நிறுத்தினார்கள். தற்கொலை வீதம் மூன்றில் இரண்டுக்கு மேல் விழுந்தது. விளைச்சல் விழவில்லை. எத்தனை தாய்மாருக்குப் பிள்ளைகள் மிஞ்சினார்கள் என்று நினைத்தால் மனம் நிறைகிறது.

அதற்கு நேர்மாறாக 2015இல் கிளைபோசேற் என்ற களைநாசினியை நிறுத்தியதைப் பாருங்கள். வவுனியா தொடக்கம் அனுராதபுரம் வரை காரணம் தெரியாத சிறுநீரக நோயால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், பயம் நியாயமானது. ஆனால் அந்த மருந்துதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. பிறகு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்தார்கள், 2022இல் முழுதாகத் திறந்தார்கள். இடையில் என்ன நடந்தது? கள்ளமாக வந்த போத்தலைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினோம், உள்ளே இருப்பது என்னவென்று எழுதாத போத்தல். அதே நோய்க்காக ஊர் ஊராகத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நிலையங்கள் வைத்தது நல்ல வேலை. நோய்க் காரணம் தண்ணீரில் இல்லையென்று நாளைக்குத் தெரிய வந்தாலும் சுத்தமான தண்ணீர் குடித்ததால் யாருக்கும் நட்டம் இல்லை. நிச்சயமில்லாத நேரத்தில், பிழைத்தாலும் ஆளைக் கெடுக்காத வழியை முதலில் எடு என்பதை நான் இதிலிருந்துதான் படித்தேன்.

இனிச் செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். எங்கள் பொடியன்கள் இப்போது நெல் இலையைப் படமெடுத்து ஃபோனில் கேட்கிறார்கள், தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்கம் வருகிறது. விவசாயப் போதனாசிரியர் ஒருவருக்கு இத்தனை கிராமம் என்றிருக்கும் இடத்தில் இது பெரிய உதவி, நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது படித்த தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டுத் தமிழ். குறுவை, தாளடி என்று போகம் சொல்கிறது, அங்கத்தைய நெல்லினங்களைச் சொல்கிறது, எங்கள் இனமான பிஜி 352 விதைத்தவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? பக்கத்து வயல் தம்பி ஒருவனுக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்தை அடி என்று வந்தது. அது இங்கே 1990களிலேயே தடை. கடையில் கிடைக்காததால் அவன் தப்பினான். இப்படியான செயலியைச் செய்கிறவர்கள் எங்கள் பீடைநாசினிப் பதிவேட்டையும் எங்கள் இனங்களையும் அதற்குள் போட்டுவிட்டுத் தரட்டும், முதல் ஆளாக நான் பாவிக்கிறேன்.

அதே படம் பார்க்கும் நுட்பத்தை உக்ரைனில் கண்ணிவெடி தேடவும் முயன்று பார்க்கிறார்கள், ட்ரோன் எடுத்த படங்களில் சந்தேகமான இடங்களைக் கணினி குறிக்கிறது. போரில் கண்ணிவெடி விதைக்கப்பட்ட எங்கள் முகமாலையைக் கண்டவர்களுக்கு இது வெறும் செய்தி இல்லை. அங்கே வருடக்கணக்காக மனிதர்கள், அதிலும் நிறையப் பெண்கள், வெயிலில் முழந்தாளில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி எடுத்திருக்கிறார்கள். குடும்பத்துக்கு உழைக்க வேறு ஆளில்லாமல் இந்த வேலைக்குப் போன அக்காமார் பலர். அவர்களுடைய ஆபத்தைக் குறைக்கும் எந்த இயந்திரம் வந்தாலும் நான் கைகூப்பி வரவேற்பேன். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்பது இலைநோய்க்குப் போதும், நிலத்தை மக்களிடம் கையளிக்கப் போதாது. எங்கே தேடுவது என்று கணினி சொல்லட்டும், இங்கே இல்லை என்று சொல்லும் உரிமையை அதற்குக் கொடுக்கக் கூடாது. மிஞ்சும் அந்த ஐந்தை மிதிக்கப்போவது மாடு மேய்க்கப் போகும் பிள்ளை.

காற்றாலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மன்னாரில் தம்பபவனியின் 30 காற்றாடிகள் 103.5 மெகாவாற் வரை தருகின்றன, புகையில்லாத மின்சாரம், நாட்டுக்குத் தேவையானது. மறுபக்கத்தில் அந்தத் தீவு மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வந்திறங்கும் வழி, மழைக்கு வெள்ளம் தேங்கும் தாழ்ந்த நிலம், கரைவலை இழுக்கும் சனங்களின் இடம். 2025இல் புதிய காற்றாடிகளுக்கு எதிராக அங்கே சனங்கள் தெருவில் இறங்கியபோது அவர்களை முன்னேற்றத்துக்கு எதிரானவர்கள் என்று எழுதியவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. மின்சாரம் முழு நாட்டுக்கும் போகிறது, தண்ணீர் தேங்குவது அவர்களின் முற்றத்தில். அவர்களுக்குப் பேச்சு முதலில் இருக்க வேண்டாமா?

"விஞ்ஞானம் தெரியாதவர்கள் வாக்குப் போட்டு விஞ்ஞானத்தை முடிவு செய்வதா" என்று இதற்குக் கீழே யாராவது கேட்பீர்கள். நைதரசன் எத்தனை வீதம் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்ய யாரும் சொல்லவில்லை. குளத்தில் எத்தனை அடி என்று கமக்காரர் வாக்களிப்பதில்லை, அதைப் பொறியியலாளர் அளந்து சொல்கிறார், நாங்கள் ஏற்கிறோம். அந்த அளவை வைத்துக்கொண்டு யாருடைய வயல் இந்த முறை காய வேண்டும் என்பதுதான் எங்களோடு பேச வேண்டியது. அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் விடை இல்லை.

இப்போது எங்கள் பக்கம் மருந்தடிக்கும் ட்ரோன் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. எனக்கு அதில் விருப்பம் இருக்கிறது, ஏனென்றால் 16 லீற்றர் ரேங்கை முதுகில் சுமந்து அந்த மருந்து மூட்டத்தைச் சுவாசித்துக்கொண்டு சேற்றில் நடக்கும் ஆளின் உடம்பு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். கூடவே, அந்தக் கூலியில் அடுப்பெரியும் வீடுகளையும் எனக்குத் தெரியும். காற்றில் பறந்து பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் விழுந்தால் யார் பொறுப்பு, வாய்க்காலில் குளிக்கிறவர்களுக்கு யார் முன்கூட்டியே சொல்வது, ஒரு முதலாளி வாங்கி வாடகைக்கு விடுவதா கமக்காரர் அமைப்பே வாங்கி இப்போது மருந்தடிக்கும் பொடியன்களுக்கே ஓட்டப் பழக்குவதா, இவை பேசாமல் கிடக்கின்றன. வருகிற சிறுபோகக் கூட்டத்தில் நான் இதைத்தான் கேட்கப்போகிறேன்: ஒரு வாய்க்காலில் மட்டும், ஒரு போகத்துக்கு மட்டும், ட்ரோன் அடித்த வயலும் கையால் அடித்த வயலும் பக்கம் பக்கமாக இருக்கட்டும், போன மருந்தின் அளவையும் வந்த நெல்லின் எடையையும் எல்லோர் முன்னாலும் எழுதி வைப்போம், அந்தக் கூட்டத்துக்கு மிளகாய்த் தோட்டக்காரரையும் கூலிக்கு அடிக்கும் பொடியன்களையும் கூப்பிடுவோம்.