வழக்கு போட்டதால் ஊர்விலக்கு: சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: எங்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர் அடைத்துவிட்டார். ஊர்க்கூட்டத்தில் சொல்லாமல் நேரே முன்சீப் கோர்ட்டில் வழக்கு போட்டேன். அது குற்றமாம். வழக்கை வாபஸ் வாங்கி ரூ.1 லட்சம் தண்டம் கட்டும்வரை எங்களோடு யாரும் பேசக்கூடாது, பேசினால் அவர்களுக்கும் தண்டம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். மளிகைக் கடையில் சாமான் தருவதில்லை. அம்மா இறந்தபோது துக்கம் கேட்கக்கூட யாரும் வரவில்லை. போலீசில், "ஊர் விஷயம், பேசி முடிச்சுக்கோங்க" என்கிறார்கள். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தமிழ்நாடு)

பதில்: அம்மாவின் சாவுக்கு ஊர் வராமல் போனது எவ்வளவு பெரிய காயம் என்பது கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் கோர்ட்டுக்குப் போனதில் எந்தத் தப்பும் இல்லை. அது உங்கள் உரிமை.

மகாராஷ்டிராவில் ஊர்விலக்கைத் தண்டிக்கவென்றே 2016-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்றாண்டு வரை சிறை உண்டு. தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. "ஒதுக்கி வைத்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனில் உங்களைத் திருப்பி அனுப்ப அது வசதியாகிவிடுகிறது. அந்த ஒதுக்கலுக்குள் நடந்த ஒவ்வொரு செயலையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

எப்படி என்று சொல்கிறேன். "இன்ன தேதி, இரவு இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில் கூடிய கூட்டத்தில் இன்னார் எழுந்து, வழக்கை வாபஸ் வாங்காவிட்டால் ஊரில் இருக்க முடியாது என்றார். ரூ.1 லட்சம் கேட்டார். அப்போது உடனிருந்தவர்கள் இன்னின்னார்." இப்படி எழுதினால் சட்டம் தானாக வந்து பொருந்தும். உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி பயமுறுத்துவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவின்படி குற்றமுறு மிரட்டல். பயமுறுத்திப் பணம் கேட்பது 308-ஆம் பிரிவில் வரும். கடைக்காரர் சாமான் இல்லை என்று சொன்ன தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் பேச்சு பதிவாகியிருந்தால் அந்த போனை விற்காதீர்கள், பதிவை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில், மின்னணுப் பதிவுகளுக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

"ஊர் விஷயம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம், அதை ஒழிக்க வேண்டும் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகாரைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிலும் அசைவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. பாதை வழக்கை நடத்தும் உங்கள் வக்கீலிடம் இதை உடனே சொல்லுங்கள். நிலுவையில் இருக்கும் வழக்கை வாபஸ் வாங்கும்படி மிரட்டுவது நீதிமன்றத்தின் வேலையில் தலையிடுவது. அந்த நீதிபதியின் பார்வைக்கே இதைக் கொண்டுபோக வேண்டும். தண்டம் கேட்கவும் விலக்கைத் தொடரவும் தடை கேட்டுத் தனி உரிமையியல் (சிவில்) வழக்கும் போடலாம். குழாய்த் தண்ணீர், ரேஷன், பள்ளிக்கூடம் இவற்றில் எதையாவது மறித்தால் கலெக்டருக்கு மனு கொடுங்கள். அவை ஊர்ப் பெரியவர்களின் சொத்து இல்லை.

உங்கள் சாதியை நீங்கள் எழுதவில்லை. நீங்கள் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்து, விலக்கியவர்கள் அந்தப் பிரிவுகளைச் சேராதவர்களாக இருந்தால் நிலைமையே வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(இசட்.சி) பிரிவில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் நேரடியாகவே குற்றங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் உங்களோடு பேசியே ஆக வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. பேசுகிறவர்களுக்குத் தண்டம் போடுவதைத் தடுக்க முடியும். உங்கள் ஊரில் பாதிப் பேர் அந்தத் தண்டத்துக்குப் பயந்துதான் வாய் திறக்காமல் இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

தண்டம் கட்டிவிடலாமா என்ற நினைப்பு வந்தால் தள்ளிப்போடுங்கள். வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். உங்கள் மனைவியோ சகோதரியோ மனுதாரராக இருந்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார்.