பழைய எஸ்டிபி நாத்தம் அடிச்சா, இடிச்சுட்டு எம்பிஆர் போடணுமா?

ஒரு குடியிருப்பு கமிட்டில இருக்குறவர் கேட்டிருக்காரு: "எங்க கழிவுநீர் சுத்திகரிப்பு பிளாண்ட் (எஸ்டிபி) 12 வருஷம் பழசு. அழுகின முட்டை நாத்தம், சுத்தம் பண்ணி வர்ற தண்ணியும் கலங்கலா இருக்கு. டெக்னாலஜியே பழசாயிடுச்சு, மொத்தமா எடுத்துட்டு எம்பிஆர், அதாவது மெம்ப்ரேன்ங்குற சவ்வு வெச்சு வடிகட்டுற பிளாண்ட், போடுங்கன்னு ஒரு கம்பெனி சொல்லுது. போட்டுடலாமா?"

இப்போதைக்கு வேணாம். வந்தவங்க எதையாவது அளந்தாங்களா, இல்ல மூக்கை பொத்திட்டு ஒரு சுத்து சுத்திட்டு கொட்டேஷன் அனுப்பிட்டாங்களா? பெரும்பாலும் ரெண்டாவதுதான் நடக்கும்.

டெக்னாலஜி பழசுங்குறது பாதி உண்மை. பாக்டீரியாவுக்கு காத்து குடுத்து அழுக்கை தின்ன வைக்கிற இந்த முறையை ஆர்டெர்ன், லாக்கெட்னு ரெண்டு பேர் 1914ல மான்செஸ்டர்ல செஞ்சு காட்டினாங்க. எம்பிஆர்லயும் அதேதான் நடக்குது, கடைசில தண்ணி தெளியுற டேங்குக்கு பதிலா ரொம்ப பொடி ஓட்டை உள்ள மெம்ப்ரேன் வடிகட்டும். தண்ணி கண்ணாடி மாதிரி வரும், அதுல சந்தேகமே இல்ல, ஆனா காத்து பத்தலன்னா அதுவும் நாறத்தான் செய்யும், மெம்ப்ரேன் வேற அடைச்சுக்கும்.

முட்டை நாத்தம்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்ஸிஜன் இல்லாத இடத்துலதான் அது உருவாகும். அதனால முதல்ல டேங்குக்கு காத்து ஊதுற ப்ளோயரை பாருங்க. கரண்ட் மிச்சம் பண்றேன்னு ராத்திரி ஆஃப் பண்றாங்களான்னு சொல்லாம கொள்ளாம போய் பாருங்க, பகல்ல ரெஜிஸ்டர்ல எல்லாம் ஓடினதாத்தான் இருக்கும். அப்புறம் அந்த காத்து போற ஏரேஷன் டேங்கை மேல இருந்து பாருங்க. ஒரு மூலைல மட்டும் குபுகுபுன்னு பெரிய குமிழி வந்து மத்த இடம் அசையாம கிடந்தா அடில காத்தை பொடி குமிழியா விடுற ரப்பர் டிஃப்யூசர் கிழிஞ்சிருக்கு, இல்ல அடைச்சிருக்கு. அந்த ரப்பர் தேய்ஞ்சு போற சாமான், 12 வருஷமா மாத்தலன்னா பிளாண்ட் மேல குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம். டேங்க் தண்ணில கரைஞ்ச ஆக்ஸிஜன் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் இருக்கணும், கையடக்க மீட்டர்லயே பாத்துடலாம்.

கலங்கலுக்கு இன்னொரு டெஸ்ட். டேங்க்ல காத்து ஓடும்போதே ஒரு லிட்டர் அளவு ஜாடில தண்ணி மொண்டு அரை மணி நேரம் ஆட்டாம வைங்க. அடில பழுப்பா படிஞ்சு மேல தெளிஞ்சா பாக்டீரியா நல்லாத்தான் இருக்கு. படியவே மாட்டேங்குது, ஜாடி முக்கால்வாசி சகதியாவே நிக்குதுன்னா அனேகமா ஸ்லட்ஜை, அதாவது டேங்க்ல சேர்ற அந்த சகதியை, வெளிய எடுக்கவே இல்ல. சகதியை பிழிஞ்சு எடுக்குற ஃபில்டர் பிரஸ் எப்போ கடைசியா ஓடுச்சுன்னு ஆபரேட்டரை கேளுங்க, அவர் முகத்துலயே பதில் தெரிஞ்சுடும். எடுக்காத ஸ்லட்ஜ் எங்க போகும், தெளிஞ்ச தண்ணியோட சேர்ந்து வெளியதான்.

இந்த நேரத்துல பாக்டீரியா பவுடர் விக்கிறவன் ஒருத்தன் கண்டிப்பா வருவான். வாங்காதீங்க. சாக்கடை தண்ணிலயே தேவையான பாக்டீரியா தினம் தானா வருது, அதுக்கு மூச்சு விட காத்துதான் இல்ல.

அடுத்து "கெப்பாசிட்டி பத்தல"ன்னு சொல்லுவாங்க. வீடுங்களை எண்ணி காகிதத்துல போட்ட கணக்கா இருக்கும். ஃப்ளோ மீட்டர் வெச்சு, மழை நாளும் சேர்ற மாதிரி சில வாரம் அளந்து பாருங்க. மழை பெஞ்சா மட்டும் எகிறுதுன்னா மழைத்தண்ணி குழாயை எவனோ சாக்கடைல சேத்து விட்டிருக்கான், அதை பிரிச்சு விடுங்க, பிளாண்டை பெருசு பண்ணாதீங்க. இன்னொண்ணு, டெஸ்ட் பண்றவரும் சாமான் விக்கிறவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாது. தனியா கன்சல்டன்ட் வெச்சாலும் அவருக்கு கமிஷன் எங்கருந்து வருதுன்னு பாத்துக்கோங்க.

உண்மையிலேயே இடிக்க வேண்டிய கேஸ் ஒண்ணு இருக்கு, கான்கிரீட் போயிட்டா. அந்த முட்டை நாத்த வாயு மேல ஏறி, ஈரமான மூடி ஸ்லாபோட அடிப்பக்கத்துல ஒட்டிக்கும், அங்க இருக்குற பாக்டீரியா அதை கந்தக அமிலமா மாத்தும், அது கான்கிரீட்டை மாவு மாதிரி ஆக்கிடும். தண்ணிக்கு உள்ள இருக்குற சுவர் நல்லாவே இருக்கும், அதனால டேங்க் நல்லா இருக்குன்னு ஏமாந்துடுவாங்க. தண்ணி மட்டத்துக்கு மேலதான் பாக்கணும், கம்பி வெளிய தெரியுதா, குத்தினா உதிருதான்னு. ஆனா அதை பாக்கறேன்னு யாரையும் உள்ள இறக்கிடாதீங்க. இந்த வாயு அதிகமானா மூக்கே மரத்துடும், நாத்தம் இல்லையேன்னு இறங்குறவங்கதான் சாகுறாங்க. கேஸ் மீட்டர், காத்தோட்டம், பெல்ட்டு, மேல நின்னு இழுக்க ஆளுன்னு எல்லாம் இருக்குற டீம்தான் பண்ணணும். பக்கத்துலயே குடிதண்ணி தொட்டி இருந்தா கசிவு கலக்குதான்னு இன்னைக்கே லேப்ல குடுங்க. இப்படி டேங்கே போயிட்ட கேஸ்ல எம்பிஆரை யோசிக்கலாம், ஏன்னா சாதா பிளாண்டை விட ரெண்டு மூணு மடங்கு பாக்டீரியாவை அதே இடத்துல வெச்சுக்கும், சின்ன டேங்கே போதும்.

பிளாண்ட் ஏன் இந்த நிலைக்கு வந்துச்சுன்னா, அனுமதி குடுக்குற ஆபீஸுக்கு வருஷா வருஷம் ரிப்போர்ட் காகிதம் இருந்தா போதும். சாம்பிள் பாட்டில்ல என்ன தண்ணி இருந்துச்சுன்னு எவனும் கேக்கறதில்ல, இந்த பக்கம் கமிட்டி குறைஞ்ச ரேட்டுக்கு ஏஎம்சி (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்) குடுக்கும், அதை எடுத்தவன் ஒரு வாட்ச்மேனையே ஆபரேட்டர்னு நிக்க வெப்பான்.

இதெல்லாம் பாத்தும் எம்பிஆர்தான்னு முடிவானா, மூணு விஷயத்தை எழுத்துல வாங்குங்க. முடியும் நாரும் உள்ள போகாம 1, 2 மில்லிமீட்டர் ஸ்கிரீன் முன்னாடி இருக்கா, கெமிக்கல் போட்டு மெம்ப்ரேன் கழுவுறது யாரு பொறுப்பு, மெம்ப்ரேன் மாத்துற செலவும் கூடுதல் கரண்ட் செலவும் மொத்த கணக்குல சேந்திருக்கா. மூணாவதுக்கு நேரா பதில் வரலன்னா அந்த கொட்டேஷனை திருப்பி அனுப்பிடுங்க.