இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் ஒரு கிராமத்தில் நண்பர் பெயரில் நிலம் வாங்கிக் குடியேறலாமா? உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு உண்டா?

கேள்வியை எழுதியவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர் என்றும், ஜாவாவுக்கு இரண்டொரு முறை சுற்றுலா சென்று வயலும் எரிமலையும் பார்த்து மனம் பறிகொடுத்தவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். எத்தனை அடி உயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரவில் அச்சமின்றித் தூங்கலாம். ஆனால் நண்பர் பெயரில் நிலம் வாங்கினால், பணம் கைமாறிய அன்றே அது உங்களை விட்டுப் போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வழக்கறிஞன் அல்லன். சோலோ நகருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பணிக்காக 2004-இல் கோவையிலிருந்து வந்தவன். 2009-இல் கிளாத்தேன் மாவட்டத்துப் பெண்ணை மணந்து, அவள் ஊரிலேயே குடியிருக்கிறேன். இருவரும் கத்தோலிக்கர் என்பதால் திருமணத்தில் மதச் சிக்கல் எழவில்லை. பாலியும் ஜகார்த்தாவும் வேறு உலகங்கள். அங்கே வேறு மாதிரி நடக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் நான் ஒரு கிராமத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் சட்டம். 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டப்படி, 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. உள்ளூர்க்காரர் ஒருவரைப் பினாமியாக நிறுத்தி வெளிநாட்டவர் அந்த உரிமையைச் சுற்றி வளைத்துப் பெற்றால், அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி அந்தக் கைமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நண்பர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே எழவே எழாத கேள்வி; அவர் தங்கமானவராகவே இருந்தாலும் அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'ஹக் பக்காய்' எனப்படும் பயன்பாட்டு உரிமையில் வெளிநாட்டவர் வீடு வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு மாகாணந்தோறும் குறைந்தபட்ச விலை வரம்பு உண்டு. கிராமத்து ஓட்டு வீடு எதுவும் அதை எட்டாது.

உள்ளூர்ப் பெண்ணை மணந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். 2014-இல் மாமனார் வீட்டை ஒட்டி 280 சதுர மீட்டர் மனை, நம் கணக்கில் ஏறத்தாழ 7 சென்ட், விலைக்கு வந்தது. விற்றவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பேத்தியின் செவிலியர் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. விலை 8 கோடியே 40 லட்சம் ரூபியா. கோடி என்றதும் மலைக்க வேண்டாம், அன்றைய மதிப்பில் அது நாலேகால் லட்சம் இந்திய ரூபாய். அவரிடம் இருந்த ஆதாரம் 'லெட்டர் சி' மட்டும்தான். அது டச்சுக்காரர் காலத்து வரிப்பதிவின் தொடர்ச்சியாகக் கிராம அலுவலகத்தில் இருக்கும் பழைய பதிவேட்டில் ஒரு வரி. நம் ஊரில் பட்டா இல்லாமல் வரி ரசீதை மட்டும் காட்டுவது போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் பாதி நிலம் அப்போது அப்படித்தான் இருந்தது. 6000 ரூபியா முத்திரை வில்லை ஒட்டிய ரசீதில் என் மனைவி பெயரை எழுதி, பெரியவர் கையொப்பமிட, தெருத் தலைவரான பாக் எர்-தேயும் ('பாக்' என்றால் ஐயா, 'எர்-தே' அவர் பதவி) இன்னொருவரும் சாட்சியிட, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். கிரயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது என் மடமை.

பத்திரம் எழுதும் அதிகாரி எங்கள் திருமணச் சான்றிதழைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். திருமணத்துக்கு முன் சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் எழுதாத தம்பதியர் திருமணத்துக்குப் பின் வாங்குவது எதுவும் இருவருக்கும் பொதுச் சொத்து. ஆகவே என் மனைவி வாங்கினால் அதில் பாதி வெளிநாட்டவனான எனக்குச் சேரும், அது சட்டத்துக்குப் புறம்பு. அவளுக்குப் பரம்பரையாக வரும் வயலில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் வாரிசுச் சொத்து பொதுச் சொத்தாகாது. அந்த ஒப்பந்தத்தை இப்போது எழுதித் தருகிறோம் என்றோம். மணமான பிறகு எழுத முடியாது என்று 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைக் காட்டினார். இந்த ஊர்க் குடிமகளான ஒருத்தி, வெளிநாட்டவனை மணந்த ஒரே காரணத்துக்காகத் தன் சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாமல் நின்றாள். அந்த அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்த காட்சியை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

2016 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம், ஜப்பானியரை மணந்த ஓர் இந்தோனேசியப் பெண் தொடுத்த வழக்கில், திருமணத்துக்குப் பிறகும் அத்தகைய ஒப்பந்தம் எழுதலாம் என்று தீர்ப்பளித்தது. நாங்கள் தாள்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோதே, 2017 தொடக்கத்தில், பெரியவர் இறந்துவிட்டார்.

ஜாவானியச் சாவு வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உடலை எடுப்பதற்கு முன் குடும்பத்தின் சார்பில் ஒருவர் எழுந்து, இறந்தவர் செய்த பிழைகளை ஊர் மன்னிக்க வேண்டும் என்றும், அவருக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதேனும் இருந்தால் வாரிசுகளிடம் வந்து சொல்ல வேண்டும் என்றும் கேட்பார். அன்று அதைச் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் பிளாஸ்டிக் கூரையின் கீழ் நின்றேன். ரசீது என் சட்டைப் பையில் இருந்தது. கையை உள்ளே விடப் போனபோது மனைவி என் முழங்கையைப் பிடித்து, இன்று வேண்டாம் என்று தலையசைத்தாள். ஏழாம் நாள் வழிபாடு முடிந்தபின், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் உணவுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பாக் எர்-தே தாமே பேச்சை எடுத்தார்: "அந்த மனை பாக் இந்தியாவுக்கு விற்றது. நான் சாட்சி போட்டிருக்கிறேன்." ஊரில் என் பெயர் அதுதான்.

பிள்ளைகள் மூவர். மூத்தவர் மறுக்கவில்லை, ஆனால் மூன்று ஆண்டுகளில் விலை ஏறிவிட்டது என்று முணுமுணுத்தார். அதுவும் பொய்யில்லை. பாக் எர்-தே இரண்டு இரவுகள் இரு வீட்டுக்கும் நடந்து, 'தாலி ஆசே' என்று இவர்கள் சொல்லும் அன்புத் தொகையாக 60 லட்சம் ரூபியா என்று முடித்து வைத்தார். வீட்டு வேலைக்காக ஹாங்காங்கில் இருந்த மகளின் கையொப்பத்துக்கு, அங்குள்ள இந்தோனேசியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம், வாரிசுச் சான்று, கிரயம், அளவை எல்லாம் முடிந்து சான்றிதழ் மனைவி பெயரில் கைக்கு வர மேலும் ஒன்றரை ஆண்டாயிற்று. எல்லைக்கல் நடும் நாளில் நான்கு பக்கத்து நிலக்காரரும் வந்து நின்றார்கள். ஒருவர் வராமல் இருந்திருந்தாலும் வேலை நின்றிருக்கும்.

இதை நல்லவர்கள் நிறைந்த ஊரின் கதையாகச் சிலர் படிக்கக்கூடும். பாக் எர்-தே எனக்காக நடந்ததற்குக் காரணம் வேறு. ஏழு ஆண்டுகளாக நான் வியாழன் இரவு 'ரோண்டா'வுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆண் வாரத்தில் ஓர் இரவு ஊர்க்காவலுக்குச் செல்ல வேண்டும். காவல் குடிலில் தேநீர், வேர்க்கடலை, சீட்டாட்டம். நள்ளிரவுக்கு மேல் டார்ச்சுடன் ஒரு சுற்று. சுற்றும்போது வீட்டு வாசல்களில் ஆணியடித்துத் தொங்கும் குவளைகளிலிருந்து 'ஜிம்பித்தான்' சேகரிப்போம். முன்பு ஒரு பிடி அரிசி, இப்போது 500 ரூபியா நாணயம். தெருவிளக்கும் சாவுச் செலவும் அதிலிருந்துதான். வராதவர் அபராதம் கட்டலாம். நான் முதல் ஆண்டு ஆலைப் பணியைக் காரணம் காட்டி அபராதமே கட்டினேன்; ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, ஒருவரும் என் பெயரைக் கேட்கவுமில்லை.

திருட்டு இல்லையா என்றால் இருக்கிறது. மோட்டார் சைக்கிள், வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பு, பச்சை நிற 3 கிலோ எரிவாயு உருளை, கூண்டில் பாடும் பறவை ஆகியவை போகும். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது கூடுதலாகப் போகும். நல்ல குரலுள்ள 'முராய்' பறவை ஒன்று மோட்டார் சைக்கிளின் விலை பெறும் என்று சொன்னால் நம் ஊரில் நம்ப மாட்டார்கள்.

உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் திருடனுக்குத்தான். ஒரு முறை பின்னிரவில் 'கெந்தோங்கான்' எனப்படும் மரத்துடி இடைவிடாமல் ஒலித்தது. அந்த அடி ஆபத்து என்று பொருள்படும். பம்பு திருட வந்த ஓர் இளைஞனை வயல் வரப்பில் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தவர்களில் நான் தினமும் வணக்கம் சொல்லும் பள்ளி ஆசிரியரும் ஒருவர். பாக் எர்-தே அவனைத் தம் வீட்டுக் குளியலறையில் தள்ளிப் பூட்டி, காவல்துறை வரும்வரை கதவை மறித்து நின்றார். நான் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. பாதுகாப்பான ஊர் என்று நான் எழுதும்போது இந்த இரவும் அதில் சேர்த்தி.

கள்வரை விட நிலத்துக்குத்தான் நான் அஞ்சுகிறேன். 2006 மே 27 காலை 6 மணிக்குச் சற்று முன் ஏற்பட்ட 6.3 அளவு நிலநடுக்கத்தில் பந்துல், கிளாத்தேன் பகுதிகளில் 5,700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கம்பித் தூண் இல்லாத செங்கல் சுவர்கள் தூங்கியவர்கள் மேல் விழுந்தன. என் மனைவியின் சித்தி அப்படித்தான் போனார். எனவே நீங்கள் கட்டுவதாக இருந்தால், மூலைக்கு மூலை கம்பித் தூணும் மேலே சுற்றுக் கட்டும் இல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம்.

கோவையில் என் அண்ணன் இன்றுவரை, "ஊர் விட்டு ஊர் போய் உழைத்து, பெயரில் ஒரு சென்ட் இல்லாமல் நிற்கிறாய்" என்கிறார். ஒப்பந்தப்படி மனையும் வீடும் முழுக்க மனைவியுடையவை. எனக்கு இருப்பது நிரந்தரக் குடியிருப்பு அட்டை மட்டும். அவருக்கு நான் பதில் சொல்வதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: இங்கே குடும்பம் இல்லாத நீங்கள் வாங்கவே வேண்டாம், பத்திரம் எழுதும் அதிகாரி முன்னிலையில் பத்து ஆண்டுக் குத்தகை எழுதிக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

சுற்றுச்சுவர் எங்கள் வீட்டுக்கு இல்லை. இடுப்பளவு செம்பருத்தி வேலி இருக்கிறது; அதிலும் கிழக்குப் பக்கம் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. இறந்துபோன பெரியவரின் மனைவி எங்கள் கிணற்றுக்கு வரும் வழி அது. வேலியை மூடினால் அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.