புற்றைக் கிளறினால் பாம்பு வருமா?

(மண்டபத்தை அடுத்த கடலோரக் கிராமத்திலிருந்து, தம் தாயாருக்காக எழுதிய மகளுக்கு)

மார்பகப் புற்றுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிவிட்டு நாட்டு வைத்தியம் பார்க்கும் அம்மாவைப் பற்றிய உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, நற்செய்தி சொல்வதைப்போல ஒரு செய்தி எழுதியிருக்கிறீர்கள். பரம்பரை வைத்தியர் கொடுத்த பற்றை அம்மாவின் இடது மார்பில் போடத் தொடங்கிய ஐந்தாவது வாரத்தில், கட்டிக்கு மேலிருக்கும் தோல் தடித்துச் சிவந்து, சாத்துக்குடித் தோலைப்போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, ஓரத்தில் நீர் கசிகிறது என்றும், "நஞ்சு இறங்க ஆரம்பித்துவிட்டது, மருந்து பிடித்துவிட்டது" என்று வைத்தியர் மகிழ்ந்தார் என்றும் சொல்கிறீர்கள். என்னுடைய பதிலில் பெரும்பகுதி அந்த ஒரு செய்திக்குத்தான். மீன், கருவாடு, கைப்பேசி பற்றிய கேள்விகளுக்கெல்லாம் எந்த அவசரமும் இல்லை.

மார்பின் தோலுக்கு அடியில் நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்கள் வலையைப்போலப் பின்னியிருக்கின்றன. புற்றணுக்கள் அவற்றை அடைத்துக்கொள்ளும்போது நீர் வடிய வழியில்லாமல் தோல் வீங்குகிறது. மயிர்க்கால்கள் மட்டும் அடியோடு இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், சுற்றிலும் தோல் மேலெழும்ப, அவை குழிகளாகத் தங்கிவிடுகின்றன. சாத்துக்குடித் தோல் உண்டாகும் விதம் இதுதான். நோய் தோல்வரை வந்துவிட்டது என்பதற்கான அடையாளமாகவே எந்த மருத்துவரும் இதை முதலில் எடுத்துக்கொள்வார். இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பற்றில் சேராங்கொட்டை சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போடுவதற்குப் பயன்படுத்திய கொட்டை அது. அதன் ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டால் நல்ல தோலே கொப்பளித்துப் புண்ணாகிவிடும். நோய் தோலைத் தொட்டுவிட்டதா, பற்று தோலைச் சுட்டுவிட்டதா, இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கின்றனவா என்பதைக் கடிதத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. கையால் தொட்டுப் பார்த்து, தேவையானால் சிறு துளி தோலைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். நஞ்சு இறங்குவதாக மட்டும் இதை எடுத்துக்கொள்ள எந்த முகாந்திரமும் இல்லை.

இன்றிரவே பற்றை நிறுத்திவிடுங்கள். கொதித்து ஆறிய நீரால் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடி வையுங்கள். பிதுக்கவோ, மஞ்சள் அப்பவோ வேண்டாம். இந்த வாரத்துக்குள் அம்மாவை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலோடு சிவப்பு பரவினாலோ, இரத்தம் நிற்காமல் கசிந்தாலோ வாரக்கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பிப்ரவரியில் ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதித்த அறிக்கையின் நகலை அனுப்பியது நல்லதாயிற்று. மூன்று சென்டிமீட்டர் கட்டி, அக்குளில் ஒரு நெறி, ஈஆர் பாசிட்டிவ் (பெண் ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்-2 நெகட்டிவ் (ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்த வகை அல்ல). அன்றைக்கு உங்கள் அறுவை மருத்துவர் முதலில் அறுவை சிகிச்சை என்று சொன்னது சரிதான். தோலில் நோய் இருப்பது உறுதியானால் அது மூன்றாம் நிலையாகிவிடும். அப்போது வரிசை மாறி, கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, அதன் பிறகு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும், கடைசியாக ஆண்டுக்கணக்கில் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் என்று போகும். நுரையீரல், எலும்பு, கல்லீரல் ஆகியவற்றுக்கு நோய் போகாதிருந்தால் இந்த நிலையிலும் நோயைத் தீர்ப்பதே சிகிச்சையின் குறிக்கோள் என்பதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். மார்பை முழுவதும் எடுக்காமல், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும் உயிர்வாழ்வு அதே அளவுதான் என்பது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2002இல் வெளியான ஆய்வுகளில் உறுதியான விஷயம். அந்த வாய்ப்பு உங்கள் அம்மாவுக்குப் பிப்ரவரியில் இருந்திருக்கக்கூடும். இப்போது இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி வைத்தியரின் வாக்கியத்துக்கு வருகிறேன். "புற்றில் கடப்பாரையை வைத்தால் உள்ளே இருக்கிற பாம்பு சும்மா இருக்குமா?" என்று அவர் கேட்டதிலிருந்து, ஊசி குத்திச் சதை எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அம்மா நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்பவரைக் கட்டிப்போடும் பேச்சுதான், மறுக்கவில்லை. இந்தக் கரையில் வேறு வேறு வாய்களிலிருந்து நானும் அதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஆனால் அந்தப் பேச்சின் பலமெல்லாம் கறையான் புற்றுக்கும் இந்த நோய்க்கும் நம் மொழியில் ஒரே பெயர் அமைந்துவிட்டதில் இருக்கிறதே தவிர, உடம்பில் இல்லை. பாம்பு உள்ளே சுருண்டு கிடக்கிறது, தொடாதவரை வெளியே வராது என்று அது நம்மை நம்ப வைக்கிறது. இந்த நோயின் அணுக்களோ யாரும் தொடாமலே, தாமாகவே, இரத்தத்திலும் நிணநீரிலும் இறங்கிப் போகக் கூடியவை. அக்குளில் இருக்கும் அந்த நெறி ஊசி போடுவதற்கு முன்பே இருந்தது, அதனால்தான் அது அறிக்கையில் இருக்கிறது. ஊசி போன தடத்தில் சில அணுக்கள் இடம்பெயரலாம் என்பது உண்மை. அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடுகின்றன; எஞ்சுவதை அறுவையும் கதிர்வீச்சும் பார்த்துக்கொள்கின்றன. ஊசிப் பரிசோதனை செய்துகொண்டதால் பெண்களின் ஆயுள் குறைவதில்லை. அதைச் செய்யாமல் இது எந்த வகைப் புற்று, எந்த மருந்துக்கு அடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டி இப்போது பெரிதாகத் தெரிவதற்கு ஊசி காரணமல்ல, ஊசிக்குப் பிறகு போன பன்னிரண்டு வாரங்கள்தான் காரணம். பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான ஒரு கணக்கின்படி, மார்பகப் புற்றில் அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுகிறது.

இத்தனையும் சொன்ன பிறகும் அம்மா அசைய மாட்டார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர் அஞ்சுவது ஊசிக்கு அல்ல. கடிதத்தில் நான்கு இடங்களில் பெரியம்மா வருகிறார். "கீமோ போட்ட மூன்றாம் மாதம் பிணமாகத்தான் கொண்டுவந்தோம்" என்கிறீர்கள். அதே கடிதத்தில், ஒன்றரை ஆண்டு நாட்டு மருந்து சாப்பிட்டு, முதுகுவலியில் படுக்க முடியாமல், மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் அவரை அழைத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதுகுவலி எலும்புக்கும், மூச்சிரைப்பு நுரையீரலுக்கும் நோய் போய்விட்டதைக் காட்டியிருக்கக்கூடும். அந்த நிலையில் கீமோ கொடுப்பது வேதனையைக் குறைத்துச் சில காலம் கூட்டித் தருவதற்காக. அதற்கும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் ஊர் பார்த்தது, நடந்து போனவர் ஆம்புலன்ஸில் திரும்பினார் என்பதை மட்டும். ஒன்றரை ஆண்டு லேகியத்தின் மீது எந்தப் பழியும் விழவில்லை, கடைசி மூன்று மாதங்கள் பார்த்த மருத்துவமனையின் மீது முழுப் பழியும் விழுந்தது.

பிழைத்தவர்களை ஊர் பார்ப்பதே இல்லை என்பதுதான் இதில் எனக்குத் தீராத வருத்தம். பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்பை எடுத்துவிட்டு, இன்றும் விடியற்காலையில் மீன் ஏலத்தில் நின்று சண்டை போடும் ஒரு பெண்மணி என்னிடம் ஆண்டுக்கொரு முறை வருகிறார். பழைய நூல் சேலையைக் கிழித்து, பஞ்சு அடைத்து, கனம் சரியாக இருப்பதற்காக உள்ளே ஒரு கைப்பிடி கேழ்வரகு போட்டுத் தானே தைத்த சிறு பையை ரவிக்கைக்குள் வைத்திருக்கிறார். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீடுகளுக்கு இன்றுவரை இந்த விஷயம் தெரியாது. தெரிந்தால் பெண்களின் வாழ்க்கை கெட்டுவிடும் என்ற பயம். அவரைப் போன்றவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அம்மாவோடு தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர்களிலேயே இருக்கலாம்.

"இவ்வளவு மூலிகைகள் இருக்கும்போது ஆங்கில மருத்துவம் ஏன் அவற்றை ஏற்பதில்லை?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏற்காமல் என்ன? உங்கள் தெரு மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கும் நித்தியகல்யாணியின் இலையைச் சர்க்கரை நோய்க்காகக் கனடாவில் 1950களில் சோதித்த ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், அது இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கவனித்து வின்பிளாஸ்டின் என்னும் புற்றுமருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வினோரெல்பின் முற்றிய மார்பகப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. ஜப்பானியக் கடற்பஞ்சு ஒன்றில் கண்ட பொருளைப் பின்பற்றிச் செய்த எரிபுலின் 2010 முதல் அதே நோய்க்குப் பயன்படுகிறது. கடலும் காடும் மருந்து தருகின்றன என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. உடல் எடைக்கும் உயரத்துக்கும் மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தப் பரிசோதனை பார்த்துக் கொடுப்பதற்கும், இலையை இடித்துச் சாறு பிழிந்து ஒரு டம்ளர் குடிப்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்கிறேன். தயவுசெய்து நித்தியகல்யாணியைப் பறித்துக் கஷாயம் வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். இதை எழுதினாலே யாராவது ஒருவர் வைத்துவிடுகிறார்.

மூலிகையை மட்டும் நம்பியவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வேறு உறுப்புகளுக்குப் பரவாத புற்றுள்ளவர்களில், வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 பேரை, சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களோடு ஒப்பிட்டு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். மார்பகப் புற்றில் இறப்பு அபாயம் 5.68 மடங்காக இருந்தது. மற்றப் புற்றுகளை விட மார்பகத்தில் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், சிகிச்சை எடுத்துக்கொண்டால் நன்றாகக் குணமாகக் கூடிய நோய் இது என்பதே. உங்கள் அம்மாவின் கட்டி ஈஆர் பாசிட்டிவ். பெண் ஹார்மோனை உண்டு வளரும் வகை. அந்த ஹார்மோன் கட்டியைத் தொடாமல் தடுக்கும் டமாக்ஸிஃபென், நாளுக்கு ஒன்றாக ஐந்து ஆண்டுகள் விழுங்கும் சாதாரண மாத்திரை, இந்த வகையில் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. வாட்ஸ்அப்பில் அதைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை.

சித்த மருத்துவத்தின் மீது எனக்குப் பகை இல்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவரான என் நண்பர், மார்பில் கட்டி என்று யாராவது வந்தால் அன்றைக்கே என்னிடம் அனுப்பிவிட்டு, கீமோவுக்குப் பின் வரும் பசியின்மைக்கும் உடல்வலிக்கும் என்ன கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டுவிட்டுக் கொடுக்கிறார். இந்த முறையில் எனக்கு மறுப்பில்லை. சிகிச்சையை நிறுத்தச் சொல்பவர், என்ன மருந்து என்று சொல்ல மறுப்பவர் ஆகிய இருவரிடமும் போகாதீர்கள். அம்மா சாப்பிடும் செந்தூரத்தில் பாதரசமோ பாஷாணமோ இருந்தால் சிறுநீரகம் கெட்டு, கொடுக்க வேண்டிய கீமோவையே கொடுக்க முடியாமல் போகலாம். கட்டக்கோரைப் பாசியைப் பொடித்து மோரில் கலந்து குடிப்பதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அதிலுள்ள அயோடின் தைராய்டைக் குழப்பும், கட்டியை ஒன்றும் செய்யாது. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், மாத்திரையாக வாங்காதீர்கள்; கல்லீரல் கெட்டு வந்தவர்கள் உண்டு.

பணத்துக்காக மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும் என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் போட்டைக் கட்டிப்போடுவது கடலில் மீன் பெருக வேண்டும் என்பதற்காக. அந்த 61 நாள்களில் கட்டியும் பெருகும் என்பதை அப்பாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம்.

மீன் சாப்பிடலாம், நன்றாகவே சாப்பிடலாம். உப்புக் கருவாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ரவிக்கைக்குள் கைப்பேசி வைத்ததால் இது வரவில்லை. அம்மாவின் தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. முடி கொட்டும், திரும்ப முளைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு 46 வயதில் இந்த நோய், அவருடைய உடன்பிறந்த அக்காவான பெரியம்மாவுக்கும் இதே நோய். குடும்பத்தில் வழிவழியாக வரும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையைப் பற்றி மதுரையில் கேளுங்கள். முதலில் அம்மாவுக்கு, அதில் இருந்தால் மட்டுமே உங்களுக்கு. 24 வயதில் உங்களுக்கு மாதவிடாய்க்கு முன் இரண்டு மார்பிலும் வரும் வலி புற்றல்ல.

போகும்போது பிப்ரவரி மாத அறிக்கை, ஸ்கேன் படங்கள், திசுப் பரிசோதனை நிலையத்திலிருந்து கேட்டு வாங்கிய, எடுத்த சதை வைக்கப்பட்டிருக்கும் கண்ணாடிச் சில்லுகள், மெழுகுக் கட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவை இருந்தால் கட்டியில் இன்னொரு முறை ஊசி போட வேண்டியிராமல் போகலாம். வீட்டில் மீதியிருக்கும் பற்றையும் செந்தூரத்தையும் கோபத்தில் கொட்டிவிட வேண்டாம். அவற்றையும் டப்பாவோடு கொண்டுபோய் மருத்துவரின் மேசையில் வையுங்கள். அம்மாவைத் திட்டாமல், எத்தனை நாள், எவ்வளவு சாப்பிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்.